நூத்தி நாப்பத்து மூணாவது டியூ

வா மாப்ளே, உக்காரு. அந்தக் கயித்துக் கட்டில்ல வேண்டாம், அதுல ஒரு கால் ஆடும். இப்படித் திண்ணையில உக்காரு. மூஞ்சி ஏன் சித்திரை மாசத்துக் கம்மா மாதிரி வெடிச்சுக் கெடக்கு? அத்தை மோர் கொண்டு வாரா. குடிச்சிட்டு, நேத்து ராத்திரி போன்ல அழுதியே, அதை மொதல்ல இருந்து அழு. போன்ல கேட்டா எனக்கு ருசி தெரியல.

"பேங்க்காரன் என்னைய ஏமாத்திட்டான் மாமா"ன்னு நீ சொன்னதும் எனக்கு எம்புட்டு சந்தோசம்! மெட்ராஸ்ல ஏசி ரூம்புல உக்காந்து கம்ப்யூட்டர் தட்டுத எஞ்சினீயரு ஏமாந்துட்டான்னா, ஆறாங்கிளாஸோட பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினவனுக்கு வார நிம்மதி இருக்கே, அது தனி நிம்மதி. ராத்திரி ரெண்டு தோசை கூடத் தின்னேன். அப்புறம்தான் நீ வாட்ஸ்அப்புல அனுப்புன அந்தக் காயிதத்தை செராக்ஸ் கடைக்காரப் பயகிட்டக் குடுத்து அடிச்சு வாங்கினேன். ஆறு பக்கம். பயகிட்ட முப்பது ரூபா அழுதேன். அதை ஒங்கணக்குல எழுதி வச்சிருக்கேன், பெறகு பேசிக்கிடுவோம்.

வாசிச்சுப் பாத்தா சப்புன்னு போச்சு மாப்ளே. பேங்க்காரன் ஒன்னைய ஏமாத்தவே இல்லை. ஒரு ரூபாகூட. எல்லாத்தையும் வரி வரியா எழுதி, கையெழுத்து வாங்கி, கையிலயும் குடுத்திருக்கான். நீதான் ஒரு வருசமா அதைத் தெறந்து பாக்கல. கலியாணப் பத்திரிகையையே மூணு தடவை எழுத்துப் பிழை பாத்த மனுசன், நாப்பது லட்ச ரூபாக் காயிதத்தைப் பாக்காம பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்க.

சரி, ஒன் வழக்கு என்ன? 40 லட்சம் கடன். எட்டரை வட்டி. இருவது வருசம். மாசம் பொறந்தா 34,713 ரூபா டியூ. ஒரு வருசம் ஒழுங்காக் கட்டிட்ட. கூட்டிப் பாத்தா 4 லட்சத்து 16 ஆயிரத்துச் சொச்சம். அசல்ல கழிஞ்சது எவ்வளவுன்னு பாத்தா வெறும் 79,609. மிச்சம் 3 லட்சத்து 37 ஆயிரம் எங்க போச்சுன்னு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு எனக்குப் போன் போட்டுட்ட. நல்ல வேளை, ஆம்புலன்சுக்குப் போடல.

கணக்குப்படி பாத்தா அந்த ரெண்டு பெட்ரூம் வீட்டுல இதுவரைக்கும் ஒனக்குச் சொந்தமானது பாத்ரூம் கதவும் அதுல இருக்குத கொண்டியும்தான். உள்ள போயித் தாராளமாத் தாப்பா போட்டுக்கோ. சுவரு இன்னும் பேங்க்கோடது, சாய்ஞ்சிராத.

இந்தக் காயிதத்துக்குப் பேரு என்னமோ போட்டிருந்தது. அமார்டைசேஷன் ஷெட்யூல். எனக்கு வாயில நொழையல. டீக்கடையில ரிட்டேரு இங்கிலீசு வாத்தியார்கிட்டக் கேட்டேன். அவரு கண்ணாடியத் தொடைச்சு மாட்டிக்கிட்டு, "அண்ணாச்சி, இது லத்தீன் வேர். மோர்ஸ்னா சாவு. கடனைக் கொஞ்சங் கொஞ்சமாச் சாகடிக்கிறதுன்னு அர்த்தம்"ன்னாரு. அடமானத்துக்கு இங்கிலீசுல மார்ட்கேஜுங்காமில்லா, அதுவும் அதே வேராம். செத்த பணையம்னு பொருளாம். "என்ன வாத்தியாரே, வீடு வாங்குத விசயத்துல ஒரே எழவு வார்த்தையா இருக்கே"ன்னேன். டீயைச் சட்டையில சிந்திட்டாரு பாவம்.

ஆனா வார்த்தை சரியாத்தான் இருக்கு. கடன் ஒரு நாள்ல சாகாது. அணு அணுவாத்தான் சாகும். மொதப் பாதியில சாகுத மாதிரியே தெரியாது, அதுதான் இதுல சூட்சுமம்.

கமலை எறைச்சுப் பாத்திருக்கியா? நீ எங்க பாத்த, ஒங்க அம்மா எறைச்சிருக்கா, கேட்டுப் பாரு. காஞ்ச வாய்க்கால்ல மொதல் சாலைக் கவுத்தினா, தண்ணி பயிருக்கா போகும்? வாய்க்காலே முக்காவாசியக் குடிச்சிரும். நாள் முழுக்க மாட்டை வெரட்டினாலும் பாத்தியில ஒரு கை தண்ணிதான் நிக்கும். வாய்க்கால் நனைய நனையத்தான் பயிருக்கு ஓட்டம் கூடும். ஒன் டியூ அந்தச் சாலு. வட்டி அந்த வாய்க்கால். மாசாமாசம் ஒரே அளவு தண்ணிதான் எறைக்க. ஆனா உள்ள போற பங்கு மாசாமாசம் வேற.

மொத மாசத்தைப் பாரு. 40 லட்சத்துக்கு எட்டரை வட்டின்னா ஒரு மாசத்துக்கு 28,333 ரூபா. நீ அவன் காசை ஒரு மாசம் வச்சிருந்த, அதுக்குக் கூலி அது. மொதல்ல அந்தக் கூலியக் கழிச்சுட்டான். மிச்சம் 6,380 ரூபா அசலுக்குப் போச்சு. ரெண்டாம் மாசம் பாக்கி கொஞ்சம் கொறைஞ்சு போச்சு, அதனால வட்டியும் 28,288 ஆயிட்டு. அசலுக்கு 6,425 போச்சு. பாத்தியா, ஒரே மாசத்துல 45 ரூபா முன்னேறிட்ட! எங்க ஊர்ல அந்தக் காசுக்கு நாலு டீ குடிக்கலாம். இப்படியே அசல் பங்கு ஊர்ந்து ஊர்ந்து ஏறும், வட்டி பங்கு ஊர்ந்து ஊர்ந்து எறங்கும். டியூ மட்டும் ஒண்ணுந் தெரியாத பூனை மாதிரி 34,713-லயே உக்காந்திருக்கும்.

இதுல எங்கடே ஏமாத்து? பாக்கி நெறைய இருந்தா வட்டி நெறைய, பாக்கி கொறைஞ்சா வட்டி கொறைவு. நான் பருத்தி மண்டியில 22 வருசம் கணக்குப்பிள்ளையா இருந்தவன். இதைவிட நேர்மையான கணக்கை நான் பாத்ததில்லை. மண்டிக் கணக்கை விடு, அது வேற புராணம்.

சரி, அசலும் வட்டியும் எந்த மாசத்துல சமமாகுதுன்னு தெரிஞ்சுக்கிடணும்னு ராத்திரி கண்ணாடியப் போட்டுக்கிட்டு வெரலை வச்சு எறங்கிக்கிட்டே போனேன். மொதப் பக்கம் முடிஞ்சது, இல்லை. ரெண்டாம் பக்கம், இல்லை. அத்தை வந்து லைட்டை அமத்தச் சொல்லிட்டுப் போறா. மூணாம் பக்கமும் போச்சு. நாலாம் பக்கத்துல, நூத்தி நாப்பத்து மூணாவது டியூவுலதான் மாப்ளே அசல் பங்கு வட்டியைத் தாண்டுது! பதினோரு வருசம் பதினோரு மாசம். கும்பகோணத்துல மகாமகம் வருதுல்லா, அந்தக் கணக்கு. 2016-ல வந்துது, அடுத்தது 2028-ல. அதுமாதிரி ஒரு மகாமகக் காலம் நீ வட்டிக்குத்தான் பெரும் பங்கு கட்டணும். அன்னைக்கு ஒரு தலை முழுக்குப் போட்டுரு. பாதிக் கடன், அதான் 20 லட்சம், தீரணும்னா இன்னும் ரெண்டு வருசம் கூடப் போகணும். கடைசி டியூவைப் பாரு, வட்டி 244 ரூபாதான். அதுக்குள்ள ஒன் தலையும் நரைச்சிரும், வட்டியும் நரைச்சிரும்.

ஆக மொத்தம் இருவது வருசத்துல 83 லட்சத்து 31 ஆயிரம் கட்டுவ. வாங்கினது 40. ரெண்டு வீட்டுக் காசைக் கட்டி ஒரு வீட்டுல குடியிருக்கப் போற. கேக்கதுக்குக் கசக்கும்தான். ஆனா அவன் காசை இருவது வருசம் நீ வச்சிருக்கியே, அது எந்தக் கணக்கு? நம்ம ஊர்ல வயக்காட்டை இருவது வருசம் குத்தகைக்கு விட்டாச் சும்மாவா விடுதோம்?

அப்ப தப்பு எங்க இருக்கு? வட்டியில இல்லை மாப்ளே, வருசத்துல இருக்கு. பேங்க்ல ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே "சார், இருவது வருசம் போட்டுக்கலாமா, டியூ கம்மியா வரும்"னு கேட்டிருக்கும், நீயும் சிரிச்சுக்கிட்டே தலையை ஆட்டியிருப்ப. நான் ஒண்ணு சொல்லுதேன். இதே கடனை 15 வருசத்துக்குப் போட்டிருந்தா டியூ 39,390. மாசத்துக்கு 4,677 கூட. ஆனா மொத்த வட்டி 43 லட்சத்துல இருந்து 31 லட்சமாக் கொறைஞ்சிருக்கும். பன்னெண்டு லட்சம்! இன்னும் ஆசைப்பட்டு 30 வருசம் போட்டிருந்தா டியூ 30,757. மாசம் நாலாயிரம் மிச்சம்னு நெனைப்ப. மொத்த வட்டி 70 லட்சத்தைத் தாண்டிரும். நாலாயிரத்தை மிச்சம் பிடிச்சு 27 லட்சத்தைத் தொலைக்குத கெட்டிக்காரத்தனம் படிச்சாத்தான் வரும்.

நீ சிரிக்காத. நான் என்னமோ பெரிய நிதி மந்திரி மாதிரிப் பேசுதேன்னு நெனைக்காத. என் கதையும் கேளு. அத்தை அந்தப் பக்கம் போயிட்டாளா? மெதுவாச் சொல்லுதேன். ஒங்க அத்தை கலியாணத்துக்குப் போட்டுட்டு வந்த ரெட்டைவடச் சங்கிலி இருந்துச்சுல்லா. கெணறு வெட்டப் போறேன்னு அதை ஒரு பேங்க்ல கொண்டு போயி வச்சேன். 20,000 ரூபா. நூத்துக்குப் பன்னெண்டு வட்டி. வருசம் முடிஞ்சதும் 2,400 ரூபா வட்டியக் கட்டுவேன், அதே நகையைத் திருப்பி வைப்பேன். ரசீதைப் புதுப்பிச்சு வாங்கிக்கிட்டு நெஞ்சை நிமித்தி வருவேன். இப்படி ஒம்பது வருசம். கட்டினது 21,600. அசல் அப்படியே குத்துக்கல்லு மாதிரி 20,000. ஒன் கடனாவது மாசம் ஆறாயிரம் செத்துச்சு. என் கடன் ஒம்பது வருசத்துல ஒரு பைசா சாகல. நல்லாச் சாப்பிட்டுத் தொப்பையோட இருந்துச்சு. அதுதான் ஒன் காயிதத்தைப் பாத்ததும் எனக்குக் கொஞ்சம் பொறாமையா இருந்துச்சுன்னு சொல்லணும். கெணத்துலயாவது தண்ணி வந்துச்சான்னு கேக்காத. அத்தை கேட்டுக்கிட்டே இருக்கா, முப்பது வருசமா.

எல்லாக் கடனையும் மாசத் தவணையில கட்ட முடியாதுங்கதும் வாஸ்தவம். நாங்க கூட்டுறவுச் சங்கத்துல பயிர்க் கடன் வாங்குவோம். அதுக்கு மாசம் மாசம் டியூன்னா எங்க போறது? செடியில வாராவாரம் சம்பளமா காய்க்கும்? வெள்ளாமை வீட்டுக்கு வந்தப் பெறகு ஒரே அடியா அடைக்கணும். கெடுவுக்குள்ள அடைச்சா வட்டியே கெடையாது. காசு எப்படி வருதோ அப்படித்தான் கடனும் போகணும். ஒனக்கு மாசச் சம்பளம், அதனால மாசத் தவணை பொருத்தம். சந்தையில காய் விக்குத பொம்பளைக்கு நாள் வருமானம், அதனால தண்டல்காரன் நாளுக்கு நூறுன்னு வாங்குதான். 10,000-ன்னு எழுதிக்கிட்டு கையில 8,500 குடுப்பான். நாளுக்கு 100, நூறு நாள். பாத்தா அதுவும் ஒன் கடன் ஜாதிதான், தவணையில தீருத கடன்தான். ஆனா வட்டியக் கூட்டிப் பாத்தா வருசத்துக்கு நூத்துக்கு நூறைத் தாண்டிப் போகும். நீ எட்டரைக்கு அழுத, அந்த அக்கா காலையில அஞ்சு மணிக்குச் சிரிச்சுக்கிட்டே கொத்தமல்லிக்கட்டு அடுக்குது.

இன்னொரு ஜாதி இருக்கு, ஒன் மச்சினன் மாட்டினானே பைக்கு கடன், அது. ஒரு பைனான்ஸ்காரன், பேரு வேண்டாம், "பத்து பெர்சன்ட்தான் அண்ணாச்சி"ன்னான். ஒரு லட்சம், மூணு வருசம். பத்து வட்டின்னா மூணு வருசத்துக்கு முப்பதாயிரம், ஆக ஒண்ணு முப்பது, 36-ஆல வகுத்தா மாசம் 3,611. கணக்கு கண்ணாடி மாதிரி இருந்துச்சு. நானும் தலையை ஆட்டிட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சாத்தான் உறைக்குது: மாசாமாசம் நம்ம அசலைக் கட்டிக்கிட்டே வாரோம், ஆனா கடைசி மாசம் வரைக்கும் முழு லட்சத்துக்கும் வட்டி போடுதானே! கடைசி மாசத்துல நம்மகிட்ட அவன் காசு மூவாயிரத்துச் சொச்சம்தான் நிக்கும், அப்பவும் லட்சத்துக்கு வட்டி. ஒன்னோடது மாதிரிக் கொறையுத பாக்கிக்கு வட்டி போட்டா அந்த 3,611 ரூபா டியூவுக்கு ஏறக்கொறைய பதினெட்டு வட்டி ஆகுது. பத்துன்னு பேர் வச்சுப் பதினெட்டைப் பெத்தான். பிளாட்டு வட்டிங்காங்க. நம்ம வயித்துல அடிச்சு நம்மளைப் பிளாட்டாக்குததுனால அந்தப் பேரு போல.

ஒங்க ஆபீசுல கணக்கு எழுதுத பையங்க இதே அமார்டைசேஷன்ங்க வார்த்தையை வேற எடத்துலயும் சொல்லுவாங்கன்னு வாத்தியார் சொன்னாரு. டிராக்டர் வாங்கினா அது தேயும், அதுக்குத் தேய்மானம். செல்போன் கம்பெனிக்காரன் அலைக்கற்றையைக் கோடி கோடியாக் குடுத்து 20 வருசத்துக்கு எடுக்கான், அலை தேயுமா? தேயாது, கெடு தீரும். அதனால அந்தக் கோடியை ஒரே வருசச் செலவா எழுதாம, வருசத்துக்கு இவ்வளவுன்னு பிரிச்சு எழுதிக் கரைப்பான். கண்ணுக்குத் தெரியாத சொத்தைக் கரைக்குததுக்கும் இந்தப் பேருதானாம். அதோட எனக்குப் போதும்னுட்டேன். எனக்கிருக்க கண்ணுக்குத் தெரியாத சொத்து ஊர்ல இருக்க மரியாதை ஒண்ணுதான், அதையும் ஒங்க அத்தை நாளுக்கு இவ்வளவுன்னு கரைச்சுக்கிட்டிருக்கா.

இனிமே ஒனக்கு வேண்டிய விசயத்துக்கு வாரேன். காதைக் குடு.

ஒன் வட்டி மாறுத வட்டி. ரிசர்வ் பேங்க் ரெப்போ வட்டியை ஏத்தினா இதுவும் ஏறும். 2022 மே மாசத்துல 4-ல இருந்த ரெப்போ 2023 பிப்ரவரிக்குள்ள ஆறரையாயிட்டு. அப்ப நெறையப் பேருக்கு டியூ ஏறல. ஆகா, பேங்க் நல்ல பேங்க்னு இருந்துட்டான். டியூ ஏறலேன்னா என்ன ஏறும்? வருசம் ஏறும். சத்தமில்லாம இருவது முப்பதாகும். இதுல கூத்து கேளு. 40 லட்சத்தை ஆறே முக்கால் வட்டிக்கு இருவது வருசத்துக்கு வாங்கினவனுக்கு டியூ 30,415. ரெப்போ ஏறுன ரெண்டரையும் சேத்து ஒம்பதே கால் ஆச்சுன்னா, 40 லட்சத்துக்கு ஒரு மாச வட்டியே 30,833. டியூவைவிட வட்டி பெருசு! அசல் கொஞ்சமாவது கொறைஞ்சிருந்தாத் தப்பிச்சான். இல்லேன்னா மாசாமாசம் கட்டக் கட்டக் கடன் வளரும். கடனைச் சாகடிக்கக் காயிதம் போட்டா, அது கர்ப்பமாயிரும்.

அதனாலதான் 2023 ஆகஸ்டுல ரிசர்வ் பேங்க் ஒரு உத்தரவு போட்டுச்சு. வட்டி மாறும்போது டியூவைக் கூட்டவா, வருசத்தை நீட்டவா, ரெண்டும் கொஞ்சங் கொஞ்சமாவான்னு கடன்காரன்கிட்டக் கேக்கணும். நீட்டுதேன்னு சொல்லிட்டுக் கடன் வளருத மாதிரி விடக் கூடாது. மூணு மாசத்துக்கொருக்க, இதுவரைக்கும் அசல் இவ்வளவு வட்டி இவ்வளவு கட்டியிருக்க, இன்னும் இத்தனை டியூ பாக்கின்னு எழுதித் தரணும். இது வந்தா நீ தெறந்து பாக்கணும். பாப்பியா? ஒனக்கு வார மெசேஜு மூவாயிரத்துல இது ஒண்ணு. நீ எங்க பாக்கப் போற, பூனை குட்டிபோட்ட வீடியோவை எனக்கு அனுப்புவ.

கட்டாம விட்டா என்ன ஆகும்னு வடக்குத் தெரு வாத்தியார் மகனைக் கேளு. கொரோனா வருசம், 2020 மார்ச்சுல இருந்து ஆகஸ்டு வரைக்கும் டியூ கட்ட வேண்டாம்னு சலுகை குடுத்தாங்கள்லா. வேலை போனவனுக்கு அது தேவைதான், நான் குறை சொல்லல. இவனுக்குச் சம்பளம் ஒழுங்கா வந்துச்சு. சும்மா கெடைக்குதேன்னு ஆறு மாசம் கட்டாம டிவி வாங்கிப் போட்டுட்டான். புதுக் கடன் வேற. ஒன் கடன் மாதிரி எட்டரை வட்டி, இருவது வருசம்னு வச்சுக்கோ. ஆரம்பத்துலேயே ஆறு டியூவை விட்டா, டியூவைக் கூட்டாம விட்டான்னா, கடைசியில ஏறக்கொறைய முப்பது டியூ கூடக் கட்டணும். வட்டிமேல ஏறுன வட்டியை மட்டும் அரசாங்கம் பெறகு திருப்பிக் குடுத்துச்சு, அது கொஞ்சந்தான். அந்த டிவியப் பாக்கும்போதெல்லாம் அவன் பத்து லட்ச ரூபா டிவின்னு பாக்கணும். படம் நல்லாத்தான் தெரியுதாம்.

இப்ப அதைத் தலைகீழாத் திருப்பு. ஆரம்பத்துல விட்டது கடைசியில அஞ்சு மடங்கு ஏறுதுன்னா, ஆரம்பத்துல கூடக் கட்டினது? அதுவும் அஞ்சு மடங்கு எறங்கும். இப்ப, ஒரு வருசம் முடிஞ்ச கையோட, ஒரே ஒரு லட்சத்தை அசல்ல கொண்டு போயிக் கட்டு. டியூ 34,713-ஆவே இருக்கட்டும். கடைசியில ஏறக்கொறைய பதினாலு டியூ காணாமப் போயிரும். 4 லட்சத்து 77 ஆயிரம் வெட்டு. இதே லட்சத்தைப் பதினஞ்சு வருசம் கழிச்சுக் கொண்டு போனியானா நாலு டியூதான் போகும். வயசான கடனை அடிச்சு என்ன வீரம்? எளசுல அடிக்கணும். மாறுத வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினா அவராதம் வாங்கக் கூடாதுன்னு 2012-லயே ரிசர்வ் பேங்க் பேங்குகளுக்குச் சொல்லிருக்கு. கட்டும்போது ஒண்ணு மட்டும் எழுதிக் குடு: டியூவைக் கொறைக்காதீங்க, மாசத்தைக் கொறைங்கன்னு. சொல்லாம விட்டியானா அவன் டியூவைக் கொறைச்சு ஒன்னைய மகிழ்ச்சிப்படுத்திருவான். நீயும் மகிழ்ந்துருவ.

வாயைத் தெறக்காத, என்ன கேக்கப் போறன்னு தெரியும். "மாமா, அந்த லட்சத்தை மியூச்சுவல் பண்டுல போட்டாப் பன்னெண்டு வரும்". வரட்டும். வந்தப் பெறகு சொல்லு. பன்னெண்டு வரும்ங்கது மேகம், எட்டரை போகும்ங்கது வெயில். நான் மானாவாரிக்காரன், ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும். போட வேண்டாம்னு சொல்லல, ஒன் தெம்பு. ஆனா கார்டுல தேய்ச்சு வச்சிருக்கியே அந்தப் பாக்கி, அதுக்கு முப்பத்தாறு நாப்பதுன்னு வட்டி போடுவானே, அதை மொதல்ல அடை. ஆறு மாச டியூக் காசைக் கையில வச்சுக்கோ. அதெல்லாம் போகத்தான் வீட்டுக் கடன் பக்கம் போகணும். கையில பைசா இல்லாம எல்லாத்தையும் கடன்ல கட்டிட்டு, மறுமாசம் வேலை போச்சுன்னா, கதவையும் கொண்டியையும் வச்சு என்ன செய்வ?

வருமான வரியில கழியுதுல்லா மாமான்னு இன்னொரு கேள்வி வச்சிருப்ப. பழைய முறையில குடியிருக்க வீட்டுக்கு வட்டியில ரெண்டு லட்சம் வரைக்கும் கழிக்கலாம். நீ மொத வருசம் கட்டின வட்டியே 3 லட்சத்து 37 ஆயிரம். மேல நிக்குத 1 லட்சத்து 37 ஆயிரத்துக்கு எவன் கழிவு குடுப்பான்? புது முறைன்னா அதுவும் கெடையாது. வரி மிச்சமாகுதேன்னு கடனை வச்சிருக்கது, எலி தின்னுதேன்னு நெல்லைக் கொட்டி வைக்குத மாதிரி.

மோர் தீந்துட்டா? சரி. லட்சத்துக்கு எங்க போறதுன்னுதான் முழிக்க. போன வாரம் கெடாய் வித்தேன். பதினோரு உருப்படி. பக்ரீதுக்கு நல்ல வெலை போச்சு. ஒரு லட்சம் இருக்கு, அத்தைகிட்டச் சொல்லிராத, மஞ்சப்பையில அரிசிப் பானைக்குள்ள கெடக்கு. எடுத்துக்கிட்டுப் போ. நாளைக்கே கட்டு. வட்டி வேண்டாம்.

சிரிக்காத, இன்னும் முடியல. வட்டி வேண்டாம்னா தவணை வேண்டாம்னு அர்த்தமா? நானும் அமார்டைசேஷன் போட்டு வச்சிருக்கேன், இந்தா, செராக்ஸ் எடுத்த காயிதத்துக்குப் பின்னாலேயே எழுதிருக்கேன். மாசத்துக்கு ஒரு டியூ. டியூன்னா காசில்லை, நீ வரணும். சனிக்கெழமை ராத்திரி பஸ் ஏறி ஞாயித்துக்கெழமை காலையில இங்க எறங்கணும். இந்தத் திண்ணையில உக்காந்து நான் சொல்லுத கதையெல்லாம் கேக்கணும். அது வட்டி. பெறகு கெணத்தடிக்கு வந்து ஆட்டுக்கொட்டாயைத் தூத்துக் குடுக்கணும், அது அசல். ஆரம்பத்துல கதை நெறைய இருக்கும், கொட்டாய் வேலை கொறைவா இருக்கும். நியாயப்படிதான் போட்டிருக்கேன். எனக்கு இப்ப எழுவத்தொண்ணு நடக்கு. நூத்தி நாப்பத்து மூணாவது டியூ அன்னைக்கு எண்பத்திமூணு ஆகும். அதுக்கப்புறம் கதை கொறைஞ்சு ஆட்டுக்கொட்டாய் வேலைதான் பெருசா இருக்கும், கைப்பிடிச்சு என்னைய எழுப்பி உக்கார வைக்குததும் சேந்து.

முன்கூட்டி அடைக்கலாமான்னு கேக்கியா? மாசத்துக்கு ரெண்டு தடவை வா. அவராதம் கெடையாது. அந்த முப்பது ரூபாயை மட்டும் இப்பவே வச்சிட்டுப் போ.